செல்ல எலியின் உரோமம் கெடுவதற்குத் தீன்தான் காரணமா?

நீங்கள் எழுதியதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். விசுவமடுவில் உங்கள் மகன் இரண்டு ஆண் எலிகளை வளர்க்கிறார். கொழும்பிலிருந்து வந்த மாமா கொண்டுவந்து கொடுத்தவை. வயது எட்டு மாதமளவில். ஒன்று முழு வெள்ளை, மற்றது தலையும் தோளும் கறுத்து மீதி உடல் வெளுத்தது. வெள்ளையின் முதுகுத் தோலில் செம்மஞ்சள் நிறத்தில் ஏதோ படிந்திருக்கிறது. கறுப்புத் தலையனுக்குத் தோள்பட்டையில் உரோமம் குறைந்து, கழுத்தோரம் சின்னச் சின்னப் பொருக்குகள் இருக்கின்றன. கறுத்த மயிரும் செம்பட்டை அடிக்கத் தொடங்கியிருக்கிறது. சாப்பாடு வெள்ளைப் பச்சையரிசிச் சோறு, பிஸ்கற், வீட்டுக் கோழிகளுக்கு வாங்கும் முட்டைக்கோழித் தீன். தீன் கடைக்காரர் புரதம் போதாது என்கிறார், இன்னொருவர் புரதம் கூடிவிட்டது என்கிறார், பக்கத்து வீட்டு அம்மா தேங்காயெண்ணெய் பூசச் சொல்கிறார். எதைக் கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்பது, இது தீனால் வந்த கேடுதானா என்பது. அதிலிருந்து தொடங்குகிறேன்.

நான் பேராதனையில் படித்த கால்நடை வைத்தியன். இருபது வருடத்துக்கு மேல் வன்னியில் மாட்டோடும் ஆட்டோடும் கோழியோடும் காலம் போனது. எலிகளோடு எனக்குள்ள நெருங்கிய பழக்கம் மாணவனாக இருந்தபோது ஆய்வுகூட விலங்கறையில் அவற்றைப் பராமரித்த காலத்தது. அதன் பிறகு செல்லமாக வளர்த்த எலியைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தவர்களை இரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். எனவே கீழே சொல்வதில் பெரும்பகுதி படிப்பும் விலங்கறை அனுபவமும்தான். உங்கள் எலிகளை நான் கையில் தூக்கிப் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தோல் விடயத்தில் அது சிறிய குறை அல்ல.

வெள்ளை எலியின் செம்மஞ்சள் படிவு பற்றி நான் ஓரளவு உறுதியாகவே பேசலாம். பருவமடைந்த ஆண் எலிகளின் முதுகுத் தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் ஆண் சுரப்புநீரின் தூண்டுதலால் கூடுதலாகச் சுரக்கும். அந்த எண்ணெய் காய்ந்து, தவிடு தூவியதுபோல் மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ உரோமத்தின் அடியில் ஒட்டியிருக்கும். வெள்ளை எலியில் அது பளிச்சென்று தெரியும், கறுப்பில் தெரியாது. மாணவனாக விலங்கறைக்குப் போன முதல் வாரத்தில், முதுகு மயிரைப் பெருவிரலால் எதிர்ப்பக்கம் தள்ளிப் பார்த்து, ஆண் எலிகள் முழுவதற்கும் தோல் நோய் என்று நான் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். அங்கே நெடுங்காலம் வேலை செய்த பராமரிப்பாளர் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பெண் எலிகளின் கூட்டைத் திறந்து, ஒன்றின் முதுகு மயிரை அதேபோல் தள்ளிக் காட்டினார். வெள்ளைத் தோல், ஒரு துகளும் இல்லை. அடுத்து ஆண் எலி, மீண்டும் பெண் எலி என்று நாலைந்தைக் காட்டியதும் குறிப்பேட்டில் எழுதியதை நானே வெட்டினேன். உங்கள் வெள்ளையன் சொறியாமல், எடை குறையாமல், துருதுருவென்று திரிந்தால் அதை விட்டுவிடலாம். விருப்பமானால் இளஞ்சூட்டு நீரில் நனைத்த துணியால் துடைக்கலாம். சில வாரத்தில் திரும்ப வரும்.

கறுப்புத் தலையனின் கதை வேறு. தோளில் மயிர் குறைந்த இடத்தை வெளிச்சத்தில் வைத்து, மயிர் வேரோடு உதிர்ந்திருக்கிறதா, அல்லது கத்தரியால் வெட்டியதுபோல் கட்டையாக நிற்கிறதா என்று பாருங்கள். கட்டையாக நின்று, கீழே தோல் சுத்தமாக இருந்தால், அது கூட்டாளியின் பல் வேலை. ஒரே கூட்டில் வாழும் எலிகளில் ஒன்று மற்றதன் மயிரையும் மீசையையும் கத்தரித்துவிடுவது விலங்கறைகளில் நன்கு அறியப்பட்ட வழக்கம். எந்தத் தீன் கொடுத்தாலும் அது நிற்காது. இடையில் ஒரு கம்பிவலை வைத்து இரண்டு வாரம் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் கழுத்தோரம் பொருக்கு என்றும் எழுதியிருக்கிறீர்கள். எலி தன் பின்னங்கால் நகத்தால் எட்டிச் சொறியக்கூடிய இடம் கழுத்தும் தோளும்தான். ஆகவே அங்கே பொருக்கு இருந்தால் முதலில் நினைக்கவேண்டியது அரிப்பு. அரிப்பு என்றால் முதலில் நினைக்கவேண்டியது மைற்ஸ் எனப்படும் நுண்ணிய உண்ணிகளும் பேனும். எலியை ஒரு கறுத்தத் தாளின் மேல் வைத்து, ஈர் வாரும் சீப்பால் தோளிலிருந்து முதுகுவரை வாருங்கள். தாளில் விழுந்த வெண்துகள்களை உருப்பெருக்கிக் கண்ணாடியால் இரண்டு நிமிடம் பொறுமையாகப் பாருங்கள். பொடுகு அசையாது, பூச்சி அசையும். மயிரின் அடித்தண்டில் ஈர்போல் ஒட்டிய முட்டைகளும் தென்படலாம். ஒன்றும் தென்படவில்லை என்றால் பூச்சி இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது. தோலுக்குள் துளைத்து வாழும் வகை சீப்பில் வராது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. எங்கள் பக்கத்தில் ஆடு மாடு வைத்திருக்கும் எவர் வீட்டிலும் ஐவர்மெக்ரின் ஊசிமருந்துப் போத்தல் ஒன்று பாதியில் கிடக்கும். எலியின் உண்ணிக்கும் பெரும்பாலும் அதே மருந்தைத்தான் நாங்கள் பயன்படுத்துகிறோம், ஆகவே யாராவது ‘அதிலே ஒரு துளி போதும்’ என்று சொல்லக்கூடும். கணக்கைப் பாருங்கள்: மாட்டுக்குரிய போத்தலில் ஒரு மில்லிலீற்றரில் 10 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. ஒரு கிலோ எடைக்கு 0.2 மில்லிகிராம் என்ற அளவில், 350 கிராம் எலிக்கு வேண்டியது 0.07 மில்லிகிராம், அதாவது போத்தலில் இருப்பதில் 0.007 மில்லிலீற்றர். இன்சுலின் ஊசியின் மிகச் சிறிய கோடே 0.01 மில்லிலீற்றர். ஒரு துளி என்பது அதைவிடப் பல மடங்கு பெரியது. ஐதாக்கி, எடை பார்த்து, ஒரு வைத்தியர் கொடுக்கவேண்டிய மருந்து அது. முட்டைகள் முதல் தடவையில் சாகாது என்பதால் இடைவெளி விட்டுத் திரும்பவும் கொடுக்கவேண்டியிருக்கும். மாட்டுக்குத் தெளிக்கும் உண்ணி மருந்தை எலியின் அருகில் கொண்டுபோகவே வேண்டாம்.

உரோமம் பற்றி வன்னியில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். எலிக்கு மனிதரைப்போல் உடலெங்கும் வியர்க்காது. வாலின் இரத்தக் குழாய்கள் வழியாகச் சூட்டை வெளியேற்றும். அதுவும் போதாவிட்டால் எச்சிலைத் தன் உரோமத்தில் பூசி, அது ஆவியாகும் குளிர்ச்சியில் தப்பிக்கும். ஆவணி மாதத்து மதியத்தில் தகரக் கூரையின் கீழ் வைத்த கூட்டில், உரோமம் நனைந்து திரண்டு அழுக்கேறியதுபோல் தெரிந்தால் அதற்குச் சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. கூட்டை மரநிழல் விழும் பக்கத்து அறைக்கு மாற்றி, தண்ணீர்ப் போத்தலை நாளுக்கு இரு தடவை நிரப்பினால் அந்தத் தோற்றம் மாறிவிடும்.

இனித் தீனுக்கு வருகிறேன். உணவுக்கும் உரோமத்துக்கும் உள்ள தொடர்பை உலகம் அறிந்துகொண்டதே எலியைக் கொண்டுதான். 1929 இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற தம்பதியர் எலிகளுக்குக் கொழுப்பு அறவே இல்லாத உணவைக் கொடுத்தார்கள். மற்ற எல்லாச் சத்தும் இருந்தும் வாலில் செதில் எழுந்தது, பொடுகு பிடித்தது, மயிர் உதிர்ந்தது, வளர்ச்சி நின்றது, சிறுநீரகம் கெட்டு எலிகள் இறந்தன. அடுத்த வருடம் லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பமிலம் அதைக் குணப்படுத்துகிறது என்றும், நிறைவுற்ற கொழுப்புகள் குணப்படுத்துவதில்லை என்றும் காட்டினார்கள். இது ஐயத்துக்கு இடமில்லாத பகுதி. பக்கத்து வீட்டு அம்மாவின் ஆலோசனையை இதோடு வைத்துப் பாருங்கள். ஆய்வுகூட விலங்குகளின் சத்துத் தேவை பற்றி அமெரிக்கத் தேசிய ஆய்வுச் சபை 1995 இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு கிலோ உணவில் 6 கிராம் லினோலெயிக் அமிலம் இருக்கவேண்டும். வளர்ந்த எலி நாளுக்கு 20 கிராம் உலர் உணவு தின்கிறது என்று வைத்தால், அதற்கு வேண்டியது 0.12 கிராம். தேங்காயெண்ணெயில் அந்த அமிலம் நூற்றுக்கு இரண்டு அளவில்தான் உண்டு. அதிலிருந்து பெற நாளுக்கு 6 கிராம் எண்ணெய் வேண்டும், அதாவது முழுச் சாப்பாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நல்லெண்ணெயிலோ அது நூற்றுக்கு நாற்பதளவில் இருப்பதால் 0.3 கிராம், ஏறக்குறைய பத்துத் துளி, போதும். எள்ளாகக் கொடுத்தால் ஒரு கிராமுக்கும் குறைவு. வெளியில் பூசும் எண்ணெயைப் பொறுத்தவரை, எது பூசினாலும் எலி அதை நக்கித் தீர்த்துவிடும். மிஞ்சுவது ஒட்டிப் பிசுபிசுத்த உரோமமும் இளகிய கழிவும்தான்.

முட்டைக்கோழித் தீனைத்தான் நான் உடனே நிறுத்தச் சொல்வேன். அது கெட்ட தீன் அல்ல, முட்டை ஓட்டுக்காகச் செய்த தீன். அதில் ஒரு கிலோவுக்கு 35 முதல் 40 கிராம் வரை கல்சியம் இருக்கும். எலிக்கு வேண்டியது 5 கிராம். மிதமிஞ்சிய கல்சியம், தவிட்டிலும் சோளத்திலும் உள்ள பைற்றிக் அமிலத்தோடு சேர்ந்து, நாகச் சத்தைக் குடலில் உறிஞ்சவிடாமல் பிடித்துக்கொள்ளும். நாகம், அதாவது சிங்க், குறைந்தால் எலிக்கு மயிர் உதிரும், தோல் தடித்துப் பொருக்கு வரும். உங்கள் கறுப்புத் தலையனுக்கு அதுதான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. அவனுடைய சகோதரன் அதே தீனைத் தின்றும் பொருக்கில்லாமல் இருப்பது அந்த எண்ணத்துக்கு எதிராகத்தான் நிற்கிறது. இருந்தாலும் காரணமாக இருக்கக்கூடிய ஒன்றை அகற்ற உங்களுக்குச் செலவில்லை. மூட்டையில் மீதி உள்ளதைக் கோழிகள் தின்று முடிக்கும்.

சோறும் பிஸ்கற்றும் வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான். தீட்டிய பச்சையரிசியில் உலர்ந்த நிலையில் நூற்றுக்கு ஏழளவு புரதம். வளர்ந்த எலிக்கு நூற்றுக்குப் பதினைந்தளவும், வளரும் குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் இருபதுக்கு மேலும் இருப்பது நல்லது. கடைக்காரர் சொன்னதில் இந்தளவுக்கு உண்மை உண்டு. உரோமம் என்பதே புரதம்தான், அதுவும் கந்தகம் சேர்ந்த அமினோ அமிலங்கள் நிறைந்தது. அரிசியில் குறைவது லைசின், பயறு வகையில் குறைவது மெதியோனின். இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்யும். எள்ளில் மெதியோனின் அதிகம். எனவே எங்கள் மண்ணில் விளைவதைக் கொண்டே நல்ல சாப்பாடு செய்யலாம்: புழுங்கலரிசியோ குரக்கனோ உடைத்த சோளமோ பாதிக்குச் சற்று மேல், அவித்த பயறும் கௌபியும் கால் பங்குக்குச் சற்றுக் கூட, மீதி மரக்கறி, அதன் மேல் இலேசாக வறுத்து நசுக்கிய எள் ஒரு சிட்டிகை. வாரத்தில் இரண்டு நாள் அவித்த முட்டையில் கால் பங்கை இரண்டு எலிகளுக்கும் பகிருங்கள், அல்லது உப்பில்லாமல் அவித்த குளத்து மீன் ஒரு சிறு துண்டு கொடுங்கள். முருங்கை இலையும் பூசணியும் விற்றமின் ஏ தரும். எலி தனக்கு வேண்டிய விற்றமின் சி ஐத் தானே உடலில் செய்துகொள்ளும் என்பதால் அதற்கென்று பழம் தேடி அலையவேண்டியதில்லை. நகரத்துக்குப் போகிறவர்கள் நல்ல நாய்த்தீனை மூடிய பையில் வாங்கி, நாளாந்த உணவில் ஒரு பகுதியாகச் சேர்த்தாலும் சரி. நான் பார்த்த எலிகளில் அப்படி வளர்ந்தவை உரோமத்தில் குறைவைக்கவில்லை.

முட்டை என்றதும் பச்சையாகக் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். பச்சை வெண்கருவில் உள்ள அவிடின் என்ற புரதம் பயோற்றின் விற்றமினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 1920களில் பச்சை வெண்கருவை முக்கிய உணவாகத் தின்ற எலிகளுக்குத் தோல் அழற்சியும், கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போட்டதுபோல் மயிர் உதிர்வும் வந்ததைக் கண்டுதான் அந்த விற்றமினைத் தேடத் தொடங்கினார்கள். அவித்தால் அவிடின் செயலிழந்துவிடும். பயறும் கௌபியும் அவிந்தே இருக்கவேண்டும். கச்சான் விடயத்தில் நான் கண்டிப்பானவன். முள்ளியவளைப் பக்கத்திலும் உங்கள் பக்கத்திலும் நல்ல கச்சான் விளைகிறது, ஆனால் மழை பட்டுக் காய்ந்து, ஓட்டுக்குள் பூஞ்சணம் பிடித்ததைச் சந்தையில் விற்க முடியாமல் விலங்குகளுக்குப் போடும் பழக்கமும் இருக்கிறது. அந்தப் பூஞ்சணத்தின் அஃப்ளரொக்சின் நஞ்சு ஈரலைத் தாக்கும். எலி அந்த நஞ்சுக்கு மிக எளிதில் பலியாகும் பிராணிகளில் ஒன்று. மேலும் எலியால் வாந்தி எடுக்க முடியாது, தின்றது தின்றதுதான். நீங்கள் வாயில் போடத் தயங்கும் கச்சானை அதற்கும் போடவேண்டாம். கருவாடும் சோயாமீற்றும் உப்புக்காகத் தவிர்க்கவேண்டியவை.

இனி ஐயத்துக்குரியவை. புரதம் கூடினால் எலிக்கு அரிப்பும் பொருக்கும் வரும் என்பது எலி வளர்ப்போரிடையே உலகெங்கும் உள்ள நம்பிக்கை. அதை நிறுவும் வலுவான சான்றை நான் கண்டதில்லை. புரதத்தைக் குறைத்ததும் பொருக்கு ஆறியது என்று சொல்பவர்களின் அனுபவத்தைப் பொய் என்று தள்ளவும் மாட்டேன். ஆனால் அதே வாரத்தில் கூட்டைக் கழுவியிருப்பார்கள், நகத்தை வெட்டியிருப்பார்கள், மருந்தும் கொடுத்திருப்பார்கள். எது குணமாக்கியது என்று பிறகு யாரால் சொல்ல முடியும்? உங்கள் எலிகள் தின்றதைப் பார்த்தால் புரதம் மிஞ்சியிருக்க வழியும் குறைவு. செம்பட்டை பற்றியும் அப்படியே. பன்ரொதெனிக் அமிலம் என்ற பி விற்றமினோ செம்புச் சத்தோ குறைந்தால் கறுத்த எலியின் மயிர் நரைக்கும் என்பது ஆய்வுகூடத்தில் தெளிவாகக் காட்டப்பட்டது. நரைப்பது வேறு, செம்பட்டையாவது வேறு. வயதோடும் மயிர் மாறும் பருவத்தோடும் கறுப்பு மயிர் பழுப்பேறுவதை நல்ல உணவு தின்னும் எலிகளிலும் கண்டிருக்கிறேன். எங்கள் பிள்ளைகளின் தலை செம்பட்டையானால் ஊட்டச்சத்துக் குறைவு என்று நினைத்துப் பழகிய கண்ணால் எலியையும் பார்க்கிறோமோ என்று தோன்றுகிறது. ஆண் எலிக்கு மாம்பழம் ஆகாது என்றும் கேள்விப்படுவீர்கள். அது மாம்பழத்திலும் உள்ள லிமொனீன் என்ற பொருளைப் பிரித்தெடுத்து நாள்தோறும் பெரிய அளவில் கொடுத்த ஆய்விலிருந்து வந்த பேச்சு. தோல் நீக்கிய ஒரு துண்டுக்கு நான் பயப்படமாட்டேன்.

ஆகவே ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். இந்த வாரம் சீப்பும் கறுத்தத் தாளும். பின்னங்கால் நகங்களின் கூரான நுனியை மட்டும் நகவெட்டியால் எடுத்துவிடுங்கள். உண்ணி கண்டால் வைத்தியரிடம் போங்கள், அது தீரும்வரை தீன் மாற்றத்தால் என்ன பயன் என்று அளக்க முயலவேண்டாம். உண்ணி இல்லை என்றால் சாப்பாட்டை ஒரேயடியாக மாற்றாமல் பழைய சோற்றோடும் பிஸ்கற்றோடும் புதியதைக் கலந்து பத்து நாளில் மாற்றுங்கள்; எலி அறியாத உணவைச் சந்தேகிக்கும் பிராணி, திடீரென மாற்றினால் பட்டினி கிடக்கும். அதன் பிறகு ஆறு வாரம் பொறுங்கள். குறை உணவில்தான் என்றால் அதற்குள் புதிய மயிர் மெல்லிய பஞ்சாக எழும்பித் தெரியும். எழும்பாவிட்டால் தீனைக் குறைசொல்வதை நிறுத்திவிட்டு வேறு காரணம் தேடவேண்டும். மகனிடம் சொல்லி, சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து நாட்காட்டியில் எழுதச் சொல்லுங்கள். 350 கிராம் எலி 315 கிராமுக்கு இறங்கினால் ஆறு வாரம் காத்திருக்கவேண்டாம்.

நீங்கள் எழுதாத மூன்று விடயங்கள் எனக்குத் தேவை. எலியின் கண்ணோரத்திலும் மூக்கிலும் சிவப்பாக ஏதாவது காய்ந்திருக்கிறதா? அது இரத்தம் அல்ல, கண்ணின் பின்னுள்ள சுரப்பியிலிருந்து வரும் நிறமி. நோயிலும் பயத்திலும் கூடும். அதோடு மூச்சில் ‘கிர்’ என்ற ஒலியும் இருந்தால், எலி தன்னைத் துப்புரவு செய்யாமல் விட்டதாலேயே உரோமம் கெட்டிருக்கலாம். இரண்டாவது, இரவில் வீட்டெலியோ வயலெலியோ கூட்டுக்குக் கிட்ட வருகிறதா? உண்ணி பெரும்பாலும் அப்படித்தான் வந்து சேரும், எலிக்காய்ச்சல் கிருமியும் காட்டெலியின் சிறுநீரில் வரும்; தரையில் வைத்த கூடானால் உயர்த்தி வையுங்கள், எலியைத் தொட்டபின் மகன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும். மூன்றாவது, மகனின் மணிக்கட்டிலோ இடுப்புப் பட்டி படும் இடத்திலோ அரிக்கும் சிவந்த புள்ளிகள் உண்டா? எலியில் வாழும் உண்ணிகளில் ஒரு வகை மனிதரையும் கடிக்கும். அப்படி ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள், பிள்ளையை வைத்தியரிடம் காட்டும்போது வீட்டில் எலி வளர்ப்பதையும் சொல்லுங்கள்.